இடுக்கி பிடித்தவர்

சியோலில் மாப்போ பக்கத்துக் கறி சுடும் கடைகளில், நண்பர்கள் நால்வர் உட்கார்ந்த மேசைக்கு இறைச்சித் தட்டு வந்து சேருமுன்பே ஒரு கை இடுக்கியை எட்டிப் பிடித்துவிடும். "நீங்க சாப்பிடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பார் கைக்கு உரியவர். மற்ற மூவரும் அவரைத் தியாகி என்று நம்புவார்கள். அவர் தியாகியல்ல, ஆட்சியாளர் என்பது என் கட்சி. அகப்பை பிடிப்பவன் தன்னவனானால் கடைப்பந்தியிலும் கவலையின்றி உட்காரலாம் என்பார்கள் நம்மூரில். அகப்பை பிடித்தவரே பந்தியிலும் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நம் முன்னோர் யோசிக்கவில்லை.

மேசை நடுவே கரி கனல்கிறது. தலைக்கு மேல் யானைத் துதிக்கை போலப் புகைக்குழாய் தொங்குகிறது. சம்கியோப்சல் எனப்படும் மூவடுக்குப் பன்றி வயிற்றுக்கறி, பட்டை பட்டையாக. எப்போது புரட்டுவது, எந்த அளவில் கத்தரிக்கோலால் நறுக்குவது, கொழுப்பு வழியும் ஓரத்தில் பூண்டை வைப்பதா கிம்ச்சியை வைப்பதா, எல்லாம் அவர் அதிகாரம். அவர் தலையாட்டும்வரை எந்தக் குச்சியும் நீளக்கூடாது. நீண்டால் "இன்னும் வேகலை" என்று இடுக்கியால் ஒரு தட்டு. ஆட்சிக்கு ஒரு வேதமும் உண்டு: கறியை ஒரே ஒருமுறைதான் புரட்டலாம், இல்லையேல் சாறு ஓடிவிடும். மேற்புறம் இறுகினால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று 1847-இல் சொன்னவர் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். அது தப்பு என்று ஹெரால்டு மெக்கீ 1984-லேயே புத்தகத்தில் எழுதிவிட்டார். அடிக்கடி புரட்டினால் சீக்கிரம் வேகும் என்பதும் தெரிந்த சங்கதிதான். மேசையில் யாராவது இதைச் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த துண்டு அவருக்குக் கருகித்தான் கிடைக்கும்.

கொரியாவில் வயதில் இளையவர் சுடுவது மரபாயிற்றே, இது வெறும் கடமைதானே என்று கேட்கலாம். அலுவலக விருந்தில் அது சரி. அங்கே இடுக்கி கடைக்குட்டி கையில், அதிகாரம் மேலாளர் கண்ணில். ஆனால் கொரிய மொழியில் 'சிங்கு', அதாவது நண்பன், என்றாலே பெரும்பாலும் ஒத்த வயதுக்காரன். இளையவர் என்று யாரும் இல்லாத மேசையில் கடமை எங்கிருந்து வந்தது? பாவம், அவர் சாப்பிடுவதே இல்லையே என்பது அடுத்த வாதம். கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். இரு கையும் வேலையாக இருப்பதால், எதிரே இருப்பவர் கீரை இலையில் கறி, பூண்டு, சாம்ஜாங் விழுது எல்லாம் வைத்துச் சுருட்டி அவர் வாயிலேயே ஊட்டுகிறார். இப்படி ஊட்டிவிடப்படும் பாக்கியம் மற்ற மூவரில் யாருக்கு இருக்கிறது? போதாக்குறைக்கு, வேலைமெனக்கெட்டுச் சுட்டவர் என்று சோஜு மதுக் கிண்ணமும் முதலில் அவருக்கே நிரம்பும்.

ஊழியரே வந்து சுட்டுத் தரும் கடைகளும் உண்டு; அங்கே அவர் பதவி இழந்த அமைச்சர். ஊழியர் முதுகு திரும்பியதும் கறியை அரை அங்குலம் நகர்த்தி வைத்தால்தான் மனசு ஆறும். சொந்த ராஜ்யத்திலும் கழிவறைக்கு எழுந்துதான் ஆகவேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் மூவரும் பேச்சு சுவாரசியத்தில் ஒரு பட்டையைக் கருக்கிவிடுவார்கள். திரும்பி வந்தவர் அதை இடுக்கியில் தூக்கிப் பிடித்து, மூவருக்கும் தெரியும்படி மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். அன்றிரவு அவர் முகம் அவ்வளவு மலர்ந்தது அப்போதுதான்.