47 நாற்காலிகள்: வாசகர் கேள்வி, நமது பதில்

கேள்வி: ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் அமர்ந்திருப்பவர்கள் நீதிபதிகளா, வக்கீல்களா, அரசியல்வாதிகளா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அந்த நாற்காலிகள் மனிதர்களுக்கு உரியவையே அல்ல, நாடுகளுக்கு உரியவை. 2006-ஆம் வருஷம் மார்ச் 15-ந் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை நிறைவேற்றிய தீர்மானத்தால் பிறந்து, ஜெனீவா நகரில் வருஷத்துக்கு மூன்று முறைக்குக் குறையாமல் கூடுகிற இந்தக் கவுன்சிலில் 47 நாடுகள் அங்கம் வகிக்கின்றன. அங்கே எழுந்து பேசும் ராஜதந்திரி தம் சர்க்கார் அனுப்பிய கருத்தைச் சொல்லக் கடமைப்பட்டவரே அன்றி, தம் சொந்த அபிப்பிராயத்தை உரைக்க வந்தவர் அல்லர். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கவுன்சிலின் பலமும் பலவீனமும் ஒருங்கே விளங்கிவிடும்.

கேள்வி: கவுன்சிலுக்கு முன்பு இருந்த ஐ.நா. மனித உரிமைக் கமிஷனை ஏன் கலைத்தார்கள்? (மதுரை வாசகர்)

பதில்: எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் தலைமையில், 1948-இல் ஏற்கப்பட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் வரைவைத் தயாரித்துத் தந்த கீர்த்தி அந்தக் கமிஷனுக்கு உண்டு. ஆனால், பிறர் உரிமையைக் காக்கும் நோக்கத்தைவிடத் தம்மீது கண்டனம் பாயாமல் தடுக்கும் நோக்கத்தோடு அதில் இடம் தேடிய நாடுகள் காலக்கிரமத்தில் பெருகின. 2003-இல், 33 நாடுகள் ஆதரிக்க, மூன்று நாடுகள் எதிர்க்க, 17 நாடுகள் நடுநிலை வகிக்க, கடாபியின் லிபியா அதன் தலைமைப் பீடத்திலேயே ஏறியது. கமிஷனின் நம்பகம் தேய்ந்துவிட்டதென்று 2005-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அன்னானே எழுதிய பிறகு அதற்கு ஆயுள் நீடிக்கவில்லை.

கேள்வி: கவுன்சிலுக்குத் தேர்தல் எப்படி நடக்கிறது? (காரைக்குடி வாசகர்)

பதில்: நியூயார்க்கில் பொதுச் சபையின் 193 நாடுகளும் ரகசியமாக வாக்களிக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசிய-பசிபிக் பிரதேசத்துக்கு 13, லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் 8, மேற்கு ஐரோப்பா முதலிய நாடுகளுக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6 என ஸ்தானங்கள் பங்கிடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனித்தனி வாக்குச் சீட்டு உண்டு. காலியான ஸ்தானங்களுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தால் அந்தச் சீட்டு செல்லாது. வெல்வதற்குக் குறைந்தது 97 வாக்குகள் வேண்டும். பதவிக் காலம் மூன்று வருஷம். தொடர்ந்து இரண்டு முறை இருந்துவிட்டால் உடனே மூன்றாம் முறை நிற்க முடியாது.

கேள்வி: விதிகள் இவ்வளவு நேர்த்தியாக இருந்தும், ஜனங்களை ஒடுக்கும் அரசுகள் எப்படி உள்ளே நுழைகின்றன? (திருச்சி வாசகர்)

பதில்: ஏழு இலை போட்டு ஏழு பேரையே அழைத்திருக்கும் பந்தியில் யாரும் எழுந்து போக நேர்வதில்லை அல்லவா? பிரதேச நாடுகள் தமக்குள் முன்கூட்டியே பேசி, காலி ஸ்தானங்கள் எத்தனையோ அத்தனை பெயர்களை மட்டுமே அனுப்பும் வழக்கந்தான் அந்த வாசல். 2010 மே மாதம் அவ்வாறு போட்டியின்றி நின்ற லிபியாவுக்கு 155 வாக்குகள் விழுந்தன. தேர்தல் என்ற பெயர் இருந்ததே தவிர, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எவருக்கும் இருக்கவில்லை.

கேள்வி: 2008-இல் இலங்கை தோற்றது எதனால்? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: போட்டி இருந்ததனால். நான்கு ஆசிய ஸ்தானங்களுக்கு ஆறு நாடுகள் நின்றன. போர் நடந்துகொண்டிருந்த இலங்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டாமென்று டெஸ்மண்ட் டூடூவும் ஜிம்மி கார்ட்டரும் பகிரங்கமாக வேண்டினார்கள். இலங்கை பெற்ற 101 வாக்குகள் குறைந்தபட்சத் தேவைக்கு மேற்பட்டவையே. ஆயினும் ஜப்பான், பஹ்ரைன், தென்கொரியா, பாகிஸ்தான் ஆகிய நான்கும் அதைவிட அதிகம் பெற்றபடியால் அது வெளியே நின்றது. இரண்டு வேட்பாளர் கூடுதலாக நின்றதால்தான் அந்த வேண்டுகோளுக்குப் பயன் கிடைத்தது.

கேள்வி: உள்ளே வந்துவிட்டவரை வெளியேற்ற முடியாதா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: நிறுத்தி வைக்க முடியும், வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். தன் குடிகள்மீதே துப்பாக்கியைத் திருப்பிய லிபியா, தேர்வாகிப் பத்து மாதம் நிறையுமுன், 2011 மார்ச்சில் நிறுத்தி வைக்கப்பட்டது. உக்ரேன் யுத்தத்தை முன்னிட்டு 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் ஸ்தானம் பறிபோயிற்று. ஆதரித்தவை 93 நாடுகள், எதிர்த்தவை 24, நடுநிலை வகித்தவை 58.

கேள்வி: சர்க்காருக்குக் கட்டுப்படாத நிபுணர்கள் அமரும் சபை எதுவும் கிடையாதா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: உண்டு. மனித உரிமைக் குழு என்பது வேறொரு ஸ்தாபனம். சிவில், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தேர்ந்தெடுக்கும் 18 பேர், நான்கு வருஷங்களுக்கு, தம் நாட்டின் பிரதிநிதிகளாக அல்லாமல் சொந்தத் தகுதியில் அங்கே பணிபுரிகிறார்கள். ஒரே நாட்டவர் இருவர் இருக்கலாகாது. நம் சுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதியாக இருந்த பி. என். பகவதி அதில் பல ஆண்டுகள் அங்கத்தினராக இருந்தார்.

கேள்வி: இதிலெல்லாம் சாமானியனாகிய நான் செய்யக்கூடியது என்ன? (சென்னை வாசகர்)

பதில்: நிரம்ப உண்டு. கவுன்சிலுக்கு நிற்கும் நாடுகள் மனித உரிமைகளுக்காகத் தாம் செய்யப்போவதை வாக்குறுதிகளாக எழுதித் தரலாம்; வாக்களிக்கும் நாடுகள் அவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டுமென்று 2006-ஆம் வருஷத் தீர்மானமே கூறுகிறது. நம் நாடும் அவ்வாறு எழுதித் தந்திருக்கிறது. அவை யாவும் பகிரங்கமானவை. அவற்றைத் தேடிப் படித்து, சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று உங்கள் தொகுதியின் பார்லிமெண்ட் அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காலி ஸ்தானங்களைவிட அதிகமான வேட்பாளர்களை நிறுத்தும்படி ஆசியப் பிரதேச நாடுகளிடம் இந்தியா வாதாட வேண்டுமென்பதையும் அந்தக் கடிதத்தில் கேளுங்கள்.