பலாப்பழமும் பட்டாம்பூச்சியும்

கேள்வி: எல்லோரும் எழுதப் படிக்கக் கற்றுவிட்டோமே, இன்னும் எதற்குத் தேர்தல் சின்னம்?

பதில்: 1951-52-இல் நடந்த இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் ஒரு சின்னம். அன்று நூற்றில் 18 பேருக்குத்தான் எழுத்தறிவு. அதனால் சின்னத்தைப் படிக்காதவரின் ஊன்றுகோல் என்றே நினைத்துவிட்டோம். படித்தவர்கள் நிறைந்த அமெரிக்காவைப் பாருங்கள். 2000 அதிபர் தேர்தலில் புளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்து வாக்குச்சீட்டில் பெயர்கள் இருபுறமும், துளைகள் நடுவிலும் இருந்தன. பட்டாம்பூச்சிச் சீட்டு என்றே பெயர் வந்தது. இடப்பக்கம் இரண்டாவது பெயர் அதிபர் வேட்பாளர் அல் கோர். இரண்டாவது துளையோ வலப்பக்கத்து வேட்பாளர் புக்கானனுக்கு! அங்கே அவருக்கு 3,400-க்கும் மேல் வாக்குகள். மாநிலத்தில் கோர் தோற்றது வெறும் 537 வாக்குகளில். கோரை நினைத்து இரண்டாவது துளையைக் குத்தியவர்களுக்குக் குறைந்தது படிப்பல்ல. பெயரையும் துளையையும் கண்ணுக்குச் சேர்த்துக் காட்டும் வடிவமைப்புதான்.

சின்னத்தைப் பார்த்துக் குத்துபவர் யோசிக்காமல் குத்துகிறார் என்பீர்கள். யோசனையெல்லாம் டீக்கடையிலும் திண்ணையிலும் முடிந்துவிடும். மறைப்புக்குள் நிற்கும் அந்தச் சில நொடிகளில், முடிவெடுத்த விரல் வழிதவறாமல் சேர்ந்தால் போதும். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் பலர் நின்றார்கள். எழுத்து மட்டும் இருந்திருந்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் தலைசுற்றியிருக்கும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவரது சின்னமான பலாப்பழத்தைத் தேடிப் பிடித்தார்கள். குறை சொல்வதென்றால், சுயேச்சைகளுக்குச் சின்னம் வாக்குப்பதிவுக்குச் சில வாரம் முன்புதான் கிடைக்கிறது, அதைச் சொல்லுங்கள். ஒரு படம் ஊர்ஊராகப் போய் மனதில் பதிய அந்த அவகாசம் போதாது.