பூசண நிவாரண சாத்திரம்

சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் படரும் பூசணம் பூஞ்சை இனத்தைச் சார்ந்தது. 'ஸ்போர்' எனப்படும் அதன் நுண்வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருப்பதால், ஓர் இடம் 24 முதல் 48 மணி நேரம் ஈரமாகவே கிடந்தால் அங்கே முளைவிடத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் நீர் வரும் வழியை அடைத்து, பிறகு சுவரைக் காயவிட்டு, அதன்பின் பூசணத்தை அகற்ற வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. கருத்து வேற்றுமை ஒப்பந்தக்காரரிடமிருந்தே தொடங்குகிறது.

சென்னையின் அடுக்ககங்களில் இந்நீர் பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறையில், கழிவுநீர் இறங்கும் வாயிலில் பதிக்கப்படும் 'நானி டிராப்' என்னும் கிண்ணத்தைச் சுற்றிய விரிசல் வழியாகவோ, டைல்ஸ் இடுக்குகள் வழியாகவோ கசிந்து, கீழ்வீட்டாரின் படுக்கையறை மூலையில் வெளிப்படுகிறது. வீட்டுக்காரர் கூரையைச் சுட்டிக்காட்டி முறையிடும்போது, ஒப்பந்தக்காரர் அண்ணாந்து பார்ப்பதில்லை. சுவரை மூன்று முறை தட்டி, ஓசையைக் கவனமாகக் கேட்டு, "இது கிளைமேட்டு சார், ரெண்டு கோட்டு அடிச்சா போயிடும்" என்று தீர்ப்பளிக்கிறார். அண்ணாந்து பார்த்தால் மேல்வீட்டுக் கதவைத் தட்ட நேரும் என்பதும், அந்த வீட்டில் அட்வான்ஸ் பெயராது என்பதும் இத்தீர்ப்புக்கு அடிப்படையாகக் கொள்ளத்தக்கவை.

செயல்முறையிலும் இரு மரபுகள் உள்ளன. ஏறத்தாழ 10 சதுர அடிக்குட்பட்ட பூசணத்தை வீட்டாரே முகக்கவசமும் கையுறையும் அணிந்து நீக்கலாம் என்றும், அதனினும் பரந்ததாயின் வித்துகள் பிற அறைகளுக்குப் பரவாதவாறு பாலித்தீன் திரையிட்டுத் தடுக்கலாம் என்றும், செத்த பூசணமும் ஒவ்வாமை தரக்கூடுமாதலால் கொல்வதோடு நில்லாமல் அகற்றவும் வேண்டும் என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டி கூறுகிறது. உள்ளூர் மரபிலோ, முகக்கவசம் எதுவும் தரப்படாத தொழிலாளி துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு சுவரை உப்புத்தாளால் தேய்க்க, புழுக்கத்தைத் தணிக்கும் பொருட்டு மின்விசிறி ஐந்தாம் எண்ணில் சுழல்கிறது. இதன் பயனாக, அதுவரை ஒரு மூலைக்குள் அடங்கியிருந்த பூசணம் மெத்தைக்கும் புத்தக அலமாரிக்கும் அரிசி டிரம்முக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பின்னர் ஈரம் காயாத சுவரில் பட்டி, அதாவது மேடுபள்ளம் நிரப்பும் மாவுப்பூச்சு, தடவப்பட்டு, அதன்மேல் பெயிண்ட் அடிக்கப்பட்டு, காற்றுப் புக வழியின்றிப் பீரோ பழையபடி சுவரோடு ஒட்டித் தள்ளப்படுகிறது.

வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் பருவமும் ஆராயத்தக்கது. சித்திரை வெயிலில் எந்தச் சுவரும் ஓரளவு தானாகவே காய்ந்துவிடுமாதலால், கதிரவனின் உழைப்புக்கு ஒப்பந்தக்காரர் பில் எழுத முடிகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, புதிய பெயிண்ட் கொப்பளித்து, பழைய மூலையில் பழைய வரைபடம் சற்றே திருத்திய பதிப்பாக வெளிவரும்போது, அவருடைய கைப்பேசி தொடர்பு எல்லைக்கு அப்பால் சென்றிருக்கும். தப்பித்தவறி அவர் அகப்பட்டாலும், உத்தரவாத அட்டையின் அடியில் எறும்பளவு எழுத்தில், 'நீர்க்கசிவால் ஏற்படும் பாதிப்புக்கு இவ்வுத்தரவாதம் பொருந்தாது' என்ற விதி அவரைக் காத்து நிற்கும்.

இந்நிலையில் வீட்டுக்காரருக்கு எஞ்சியிருக்கும் உபாயம் ஒன்றே: பாக்கித் தொகையைக் கார்த்திகை மழையும் ஓய்ந்த பிறகே தருவதாக முதல் நாளிலேயே அறிவித்துவிடுதல். அப்போது ஒப்பந்தக்காரர் அண்ணாந்து பார்ப்பார்.