கேள்வி-பதில்: ஜப்பானில் ஒரு ரூம் போடுவோமா?

டோக்கியோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நல்ல ஓட்டல் இருக்கிறதா?

பக்கத்தில் என்ன, உள்ளேயே இருக்கிறது! டோக்கியோ ஸ்டேஷன் ஓட்டல், 1915 முதல் நிலையக் கட்டடத்துக்குள்தான். அங்கே தங்கியும் ரயிலைத் தவறவிட்டால், டிராஃபிக் மேல் பழி போட முடியாது.

ஜப்பான் ஓட்டல் அறைகள் ரொம்பச் சின்னதாமே?

அறை இருந்தால்தானே சின்னது, பெரியது? 1979-ல் ஒசாகாவில் திறந்த முதல் கேப்சூல் ஓட்டலில் ஆளுக்கொரு பெட்டி. உட்காரலாம், படுக்கலாம்; நிமிர்ந்து நிற்க மட்டும் வெளியே வரவேண்டும்.

ரூம் பாய்க்கு எவ்வளவு டிப்ஸ் தரலாம்?

மேஜையில் வைத்துவிட்டுப் பாருங்கள். 'மறந்துவிட்டீர்கள்' என்று கொண்டுவந்து கொடுத்தாலும் கொடுப்பார்! அங்கே டிப்ஸ் வழக்கமில்லை. நன்றி சொன்னால் போதும்.

ரோபோக்களே வேலை பார்க்கும் ஓட்டல் உண்டாமே?

நாகசாகி மாகாணத்தில் 2015-ல் வந்த ஹென் நா ஓட்டல். அறையிலிருந்த பொம்மை ரோபோ, விருந்தினரின் குறட்டையைக் கேள்வி என்று நினைத்து அவரை எழுப்பி எழுப்பிப் பதில் சொன்னது. பிறகு பாதிக்குமேல் ரோபோக்களுக்கு வேலை போனது. ரோபோ வேலையை மனிதன் பறித்த அபூர்வக் கதை!

பூகம்ப நாட்டில், பல மாடி ஓட்டலில் நிம்மதியாகத் தூக்கம் வருமா?

அமெரிக்கர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த டோக்கியோ இம்பீரியல் ஓட்டலின் திறப்பு நாள் 1923 செப்டம்பர் 1. அன்றே பெரும் பூகம்பம், ஓட்டல் விழவில்லை. 1960-களின் இறுதியில் அதை இடித்தது மனிதர்கள்தான்.