லைட் சரியில்லை

சென்னையில் கார்த்திகை பிறந்ததும் மலைக்கு மாலை போடுகிறவர்கள் ஒரு பக்கம், கழுத்தில் கேமரா போடுகிறவர்கள் மறுபக்கம். பின்னவருக்கும் விடியற்காலை எழுந்திருப்பது, வீட்டாரோடு அதிகம் பேசாமலிருப்பது எல்லாம் உண்டு. இருமுடிக்குப் பதில் முதுகுப்பை.

கேமராவோடு சேர்ந்து வந்த 18–55 லென்ஸில் முதலில் மொட்டைமாடித் துளசியை எடுப்பார். அதன் மேலிருக்கும் பனித்துளி, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் அவரே அடித்தது. அடுத்து காக்கா. படத்தில் அது எள்ளளவு தெரியும். அன்றே முடிவாகிவிடும், குறை லென்ஸில்தான் என்று. என்னைக் கேட்டால் அது ஒன்றும் மோசமான லென்ஸ் இல்லை, ஏரியும் வானமும் ஒரு படத்தில் அடங்க அதுவே தாராளம். ஆனால் கூடவே வந்த பொருளை யார் மதிக்கிறார்கள்? 150–600 வந்து சேரும். கிட்டத்தட்ட 2 கிலோ. அதன் அட்டைப்பெட்டி மட்டும், விலைச்சீட்டோடு, ஆபீஸ் மேஜைக்கடியில் தலைமறைவாக இருக்கும்.

இடையில் குற்றாலம். அருவி பட்டுப்போல வழிய வேண்டுமானால் ஷட்டரை மெதுவாக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஐந்தருவியில் 1 விநாடி வைத்தார். தண்ணீர் பட்டாகத்தான் வந்தது. அதன் கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தப் பேரும் ஆவியாகிவிட்டார்கள்.

பிறகு வேடந்தாங்கல். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும் ஊர். எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அங்குள்ளவர்களுக்கு எப்போதோ தெரியும். பறவைகளைக் காக்க 1798லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் பட்டயம் வாங்கியவர்கள் அவர்கள். அந்தக் கரையில் நின்று இவர் ஓயாமல் சுடத் தொடங்குவார்.

கிளம்பியதென்னவோ நாலு மணிக்கு. வழியில் பொங்கல் வடை, அப்புறம் டிகிரி காபி, அதன் பிறகு பொங்கலுக்காக இன்னொரு காபி. கரையேறும்போது வெயில் உச்சந்தலையில். "லைட் போச்சு சார்" என்பார், யாரோ திருடிக்கொண்டு போன மாதிரி. சூடேறிய தண்ணீருக்கு மேல் காற்று நெளியும், தூரத்துப் படம் கலங்கும். பழி லென்ஸ் மேல். பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பதால் குப்புறப் படுப்பார். பறவையோ மரத்தின் உச்சியில். எறும்பு மட்டும் சரியான கண் மட்டத்தில் வரும்.

பறக்கிற பறவைக்கு ஷட்டர் 1/2000 வேண்டும். குற்றாலத்தில் மெதுவாக்கியதை இவர் மாற்றவேயில்லை. கூழைக்கடா கூழாகவே வந்தது. "இது மோஷன் சார், வேணும்னே பண்ணினது."

காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடி மா. கிருஷ்ணன் பெயரைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவர் எந்த பாடி வைத்திருந்தார் என்பதுதான் அடுத்த கேள்வி. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய ஒன்று, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார், கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு சர்வீஸ் சென்டர் எங்க சார்?"

போன தையில் அவர்கள் வீட்டுக் கல்யாணம். இவ்வளவு பெரிய லென்ஸோடு வந்தவரை அத்தை விடுவாரா? "பொண்ணு மாப்பிள்ளையை ரெண்டு எடுடா."

"அத்தை, நான் வைல்ட்லைஃப் மட்டும்தான் எடுப்பேன்."

"அப்படின்னா?"

"காட்டு மிருகங்க."

"அப்ப பந்திக்குப் போ. உங்க பெரியப்பா முதல் பந்தியில உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கல."