கணியூர் வட்டார முட்காடு நீக்கத்தில் டிராக்டர்க் கவ்வியின் இடம்: ஓர் ஆராய்ச்சி

டிராக்டரின் முன்புறம் பூட்டப்பட்டு, வெட்டிய முள்ளையும் பிடுங்கிய தூரையும் கவ்வித் தூக்கும் இரும்புத் தாடையே இவ்வாராய்ச்சியின் பொருளாகும். பட்டறைகளில் ‘கிராப்’ என்று வழங்கும் இக்கருவி, கீழே வளைந்த பற்களின் வரிசை ஒன்றும், அதன்மேல் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தால் மூடித் திறக்கும் மூடி ஒன்றோ இரண்டோ கொண்டது. ஆய்வின் எல்லை திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதி ஆற்றை ஒட்டிய கணியூர்ப் பேரூரும் அதன் சுற்றுக்காடுகளும் ஆகும். கோவைக்கு அருகே சுங்கச்சாவடியால் பெயர்பெற்ற கணியூர் வேறு. அங்கு நிலத்தைத் திருத்துவோர் பெரும்பாலும் மனை பிரிப்போர் ஆதலின், முள்ளை அள்ளும் வழி குறித்து அவர்கள் தத்துவச் சிக்கல் எதற்கும் ஆளாவதில்லை.

அமராவதி அணை 1957-இல் கட்டப்படுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே ஆற்றிலிருந்து பிரிந்து பாய்ந்துகொண்டிருந்த எட்டு ராஜவாய்க்கால்களுள் ஒன்று கணியூரின் பெயரைத் தாங்கியுள்ளது. வாய்க்கால் எட்டிய இடமெல்லாம் நெல்லும் கரும்பும் தென்னையுமாக இருக்க, எட்டாத மேட்டுக்காட்டில், உழவு நின்ற சில ஆண்டுகளிலேயே சீமைக் கருவேலம் குடியேறிவிடுகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரத்தின் இனிப்பான காய்களை ஆடுமாடுகள் தின்ன, விதை செரிக்காமல் எருவோடு எருவாக வெளிவந்து, முளைப்பதற்கு வேண்டிய பக்குவத்தையும் அவற்றின் வயிற்றிலேயே பெற்றுக்கொள்கிறது. தரையோடு வெட்டினால் ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும் இயல்புடையது. இதன் ஒன்றுவிட்ட உறவு மரம் ஒன்றின் வேர் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. அந்த அளவை நோக்க, கணியூர்க் கிணறுகள் பலவும் ஆழம் குறைந்தவை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் தென்மாவட்டங்களில் இம்மரத்தை அகற்ற ஆணையிட்டது; மரத்தின் தரப்பில் எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

கவ்வி என்னும் கருத்து இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. ஆள் உயரத்துக்குச் சற்று மேற்பட்டு, நுனியில் இரண்டாகக் கிளைத்த கவைக்கோலே அதன் மூத்த வடிவம் என்று கொள்ளலாம். வெட்டரிவாளால் கழித்த முட்கிளைகளை அடி ஒரு பக்கமும் நுனி ஒரு பக்கமுமாக அடுக்கி, கோலின் கவையால் மேலிருந்து அமுக்கி, காலால் மிதித்துப் படியவைத்து, பின் அதே கவையை அடியில் செருகி ஒரே உந்தில் தலைக்கு மேலே தூக்கி, முள் முகத்தில் படாதபடி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வேலிக்கோ குவியலுக்கோ நடப்பது அதன் செய்முறை. இக்கருவிக்கு டீசல் வேண்டாம், எண்ணெய்க் குழாய் வெடிக்காது, உதிரிப் பாகம் வேலியிலேயே வளரும். கவையின் இரு கிளைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி, அதைப் பிடிப்பவரின் தோள்வலிமைக்கு ஏற்ப வெட்டும்போதே தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைக் கருதுமிடத்து, பயனாளருக்கேற்ற வடிவமைப்பு என்று இன்று பொறியியல் கல்லூரிகளில் பேசப்படுவது எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

ஆயினும் கவைக்கோலுக்கு ஒரு குறையுண்டு. அதன் மறுமுனையில் ஓர் ஆள் தேவை. அந்த ஆள் இப்போது காலையில் வரும் பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார். கம்பெனியில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து காஜா எடுப்பதற்கும் பீஸ் அடுக்குவதற்கும் வாரக் கூலி தவறாமல் கிடைக்கும்போது, சித்திரை வெயிலில் சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்ட எவர் வருவார்? சுற்றுக் கிராமங்களில் தங்கிவிட்ட மூத்தோர் அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகின்றனர். எனவே கவைக்கோல் தோற்றது இரும்பிடம் அன்று, பின்னலாடையிடம் என்பதே இவ்வாராய்ச்சியின் முதற்கண்டுபிடிப்பு.

இரண்டாவது கண்டுபிடிப்பு இதன் மறுபக்கமாகும். ஆளை இழுத்துக்கொண்ட அதே தொழிலில் பணம் பண்ணியவர்களுள் ஒரு பகுதியினர், ‘கொஞ்சம் காடு இருக்கட்டும்’ என்று அமராவதிப் பக்கம் மூன்று, நான்கு ஏக்கர் வாங்கி, அதில் பாதி முள்ளாக இருப்பதைக் கிரயம் முடிந்த பிறகே முழுமையாகக் காண்கின்றனர். இவர்களே கவ்வியின் முதன்மை நுகர்வோர். கைப்பேசியில், அமெரிக்கப் பண்ணைக்காரர் ஒருவர் குளிரூட்டிய அறைக்குள் அமர்ந்து ஒற்றை விரலால் நெம்புகோலை அசைக்க, ஒரு வேலி நீளத்துப் புதர் வானில் எழும்பும் காட்சியை இரவு பதினோரு மணிக்குக் காண்பது, இவர்களின் கொள்முதல் முடிவைப் பெரிதும் வடிவமைக்கிறது. அந்தப் புதரில் முள் இல்லை என்பதும், அந்த டிராக்டர் நான்கு சக்கரமும் இழுக்கும் கனமான வகை என்பதும் காட்சியில் உரைக்கப்படுவதில்லை.

கணியூர்ப் புலமை வட்டம் இவ்விடயத்தில் இரு பள்ளிகளாகப் பிரிந்து நிற்கிறது. முதலாவதான ஜேசிபிப் பள்ளியின் வாதம் எளியது: மணிக்கணக்கில் வாடகைக்கு வரும் மண்வாரி இயந்திரத்தின் பின்கை ஆணிவேரைச் சுற்றித் தோண்டி, தூரைப் பெயர்த்து, அதே மூச்சில் குவித்தும் விடுகிறது; தனியாரிடம் கிடைக்காவிடில் வேளாண்மைப் பொறியியல் துறையிடம் உழவன் செயலி வழியே பதிவு செய்யலாம். இரண்டாவதான கவ்விப் பள்ளி, ஜேசிபி முள்ளோடு சேர்த்து மேல்மண்ணையும் வாரிக் குவிக்கிறது என்றும், அந்தக் குவியல் எரியவும் எரியாது, கரிமூட்டத்துக்கும் உதவாது என்றும் எதிர்வாதம் வைக்கிறது. இவ்வெதிர்வாதம் முழுவதும் உண்மை; வேர் வாடல் நோயால் அகற்றப்படும் தென்னைகளின் தோப்பில் கவ்வி இன்னும் பொருந்தும், ஏனெனில் சல்லிவேர் கொண்ட தென்னையை ஜேசிபி தள்ளிச் சாய்த்தபின், தடியை எடுத்து வரிசையாக அடுக்குவது கவ்விக்கே உரிய வேலை. ஆனால் தன் கருவி எதையும் தோண்டாது என்ற சிறு உண்மையைக் கவ்விப் பள்ளி வசதியாக மறந்துவிடுகிறது. கவ்வி பிடிக்கும், தூக்கும், விடும். ஆணிவேர் அதன் ஆட்சிக்கு உட்பட்டதன்று.

தேர்வின் நுட்பங்களுள் மிகுதியாகப் பிழைபடுவது தூக்குதிறன் என்னும் எண். டிராக்டர் விளம்பரத்தில் 1500 கிலோ, 1800 கிலோ என்று அச்சிடப்படுவது, பின்புறம் கலப்பை மாட்டும் இரு கைகளின் திறன். கவ்வியைத் தாங்க முன்புறம் பூட்டும் தூக்குகையான லோடருக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. சுமார் 2 டன் எடையுள்ள சாதாரண இருசக்கர இழுவை டிராக்டரின் முன் அச்சு, திசைதிருப்பும் சிறு சக்கரங்களுக்காக அமைந்தது. அதன்மேல் லோடரின் எடை, கவ்வியின் எடை, தூரின் எடை மூன்றும் ஏறும்போது, பின்சக்கரம் பிடிமானம் இழப்பதும், வரப்பு ஏறும் வேளையில் ஓட்டுநரின் குலதெய்வம் நினைவுக்கு வருவதும் இயல்பு. இதனால் பின்புறம் எதிர்எடை கட்டாயமாகிறது. கவ்வியே கனமாக இருந்தால் அது தன்னைத் தூக்குவதிலேயே திறனைச் செலவழிக்கும் என்பதால், கனத்தைப் பார்த்து உறுதியை அளக்கும் வழக்கம் இங்கு கைவிடத்தக்கது.

பற்களின் இடைவெளியைப் பொறுத்தவரை, நெருக்கமாக இருந்தால் மண் வரும், அகலமாக இருந்தால் சிறுமுள் நழுவும். முட்கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் அகலமே மேல். ஒற்றை மூடி வாங்குவோர் ஒருபக்கம் தடித்த தூரும் மறுபக்கம் மெல்லிய கிளையும் சேர்ந்து வரும்போது மெல்லிய பக்கத்தை வழியெல்லாம் சிந்திக்கொண்டு செல்வர். தனித்தனியே மூடும் இரட்டை மூடி இக்குறையைத் தீர்க்கும். லோடரின் ஏற்ற இறக்கத்துக்கும் சாய்வுக்கும் இரு எண்ணெய் வழிகள் போக, கவ்விக்கு மூன்றாவது வழி ஒன்று வேண்டும் என்பதையும், அவ்வழியின் ரப்பர்க் குழாய் முட்குவியலின் நடுவே ஊசலாடும் என்பதையும் விற்பனையாளர் தாமாகச் சொல்வதில்லை. இரும்பு உறை போடாத குழாயைக் காய்ந்த கிளை ஒன்று கிழித்தால், எண்ணெய் முழுதும் காட்டுக்கு உரமாகிவிடும்.

இவை அனைத்தும் கணக்கிட்ட பின்னும் இருபள்ளிகளும் டயரை மறந்துவிடுகின்றன. சீமைக் கருவேல முள், காய்ந்தபின் இன்னும் கூர்மை பெற்று, டிராக்டரின் முன்டயரைத் துளைத்து உள்ளே முறிந்து நிற்கும். டயரின் காற்றுக்குழாயை மாற்றினாலும் டயருக்குள் மறைந்த முறிமுள் மறுநாள் புதுக்குழாயையும் பதம் பார்க்கும். இத்துறையில் சார்பற்ற ஆய்வாளர் என்று கருதத்தக்க பஞ்சர் கடைக்காரர், கவ்விக்கும் ஜேசிபிக்கும் இடையே எக்காலத்தும் நடுநிலை வகிப்பதற்குக் காரணம் இதுவே.

கிடைத்த சான்றுகளைச் சீர்தூக்குங்கால், ஐந்து ஏக்கருக்குட்பட்ட காட்டுக்காரர் சொந்தக் கவ்வி வாங்குவது, ஒரு கல்யாணத்துக்காக மண்டபம் கட்டுவதை ஒக்கும். அவர் கோடையில் மண் காய்ந்திருக்கும்போது ஜேசிபியை அழைத்துத் தூரெடுத்துக்கொள்வதே முறை. பல தோப்புகளுக்கு வாடகைக்கு ஓட்டும் எண்ணமுள்ளவரும், கரும்புச் சோகை, தென்னை மட்டை, தடி என்று ஆண்டு முழுதும் அள்ளும் வேலை உள்ளவரும், நான்கு சக்கர இழுவை டிராக்டரும் எதிர்எடையும் எண்ணெய்க் குழாய்க்கு உறையும் இருப்பின் இரட்டை மூடிக் கவ்வி வாங்கலாம்.

எந்தக் கருவியால் அழித்தாலும், மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். அந்த ஒரு சாண் கன்று கவ்வியின் பல்லிலும் ஜேசிபியின் வாளியிலும் சிக்காது. ஈரம் காய்வதற்குள் குனிந்து கையால்தான் பிடுங்க வேண்டும். ஆகவே கவ்வி வாங்க எண்ணுவோர், விலை பேசும் முன்னரே, ஐப்பசியில் அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒப்புக்கொள்ளும் இரண்டு ஆட்களைப் பிடித்து வைத்துக்கொள்வது நலம். மற்ற நாட்களில் வேன் வந்துவிடும்.