புல்லுக்கு இறைத்த நீர்

வெயிலைத் தேடி வெப்ப நாட்டுக்கு வரும் பயணி, வந்து இறங்கியதும் ஸ்காட்லாந்தைத் தேடுகிறார். தாய்லாந்து அந்த ஆசையை நெடுநாளாக நிறைவேற்றி வருகிறது. ஹுவா ஹின்னில் ரயில் நிலையத்தை ஒட்டியே 1924-இல் ஒரு கோல்ஃப் மைதானம் திறந்தார்கள். வரைந்து கொடுத்தவரும் ஸ்காட்லாந்து ரயில்வே பொறியாளர்தான். இன்று நாடெங்கும் இருநூறுக்கு மேல். ஸ்காட்லாந்துப் புல்லுக்கு வானமே தண்ணீர் ஊற்றிவிடும். இங்கே ஆட்டத்துக்கு உகந்த பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதாவது மழை ஓய்ந்த மாதங்கள். ஆக, குழாய்தான் வானம். இத்தகைய வெப்ப நாட்டில் சராசரி மைதானம் ஒன்று 60,000 கிராமத்தார் பயன்படுத்தும் அளவு தண்ணீரைக் குடிக்கிறது, ஆண்டுக்கு 1,500 கிலோ உரமும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தின்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் பெயரில் ஒரு கணக்கு நெடுங்காலமாக வழங்குகிறது. புல்லுக்கு வாக்கு இல்லை, செல்வாக்கு உண்டு.

வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. பெரும்பாலான மைதானங்களில் ஆட்டக்காரருக்கு ஓர் உதவியாள் கட்டாயம், அநேகமாகப் பெண். பை தள்ளி, பந்து தேடி, வெயிலுக்காகவே வந்தவருக்கு வெயில் படாமல் குடையும் பிடிக்கிறார். அவர் பிழைப்பு பயணி தரும் டிப்ஸை நம்பியிருக்கிறது. உப்புநீரைத் தாங்கும் பாஸ்பாலம் புல் வந்துவிட்டது, சுத்திகரித்த கழிவுநீரும் போதும் என்பது அடுத்த வாதம். நல்ல வாதம், அதையே சட்டமாக்கட்டும். பக்கத்து வயலுக்குத் தண்ணீரை நிறுத்தும் நாளில் மைதானத்துக்கும் நிறுத்தட்டும். இதற்கு உடன்படாத மைதானத்துக்கு உரிமம் தரவே கூடாது.